இங்கிலீஷ் மந்திரம்

(மூங்கில்துறைப்பட்டில், மாலை வேளையில் ஆங்கிலம் கற்றுவரும் பெரியவர்கள் கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



பகலெல்லாம் கரும்பு வெட்டிவிட்டும், ஆலை எடைமேடைக்கு முன்னால் வண்டியோடு காத்துக் கிடந்துவிட்டும், நூறு நாள் வேலைக்கு மண் சுமந்துவிட்டும், மாலையில் சிலேட்டும் நோட்டுமாக இங்கு வந்து உட்கார்ந்து, நாற்பது வயதிலும் ஐம்பது வயதிலும் ஏ, பி, ஸி, டி எழுதிப் பழகுகிறீர்களே, இதைப் பார்த்து எனக்கு மிகுந்த மகிழ்ச்சி உண்டாகிறது. "இந்த வயதில் இது எதற்கு?" என்று உங்களைக் கேலி செய்கிறவர்கள் ஊரில் இருப்பார்கள். அவர்களை விட்டுத் தள்ளுங்கள். ஆங்கிலம் நமக்கு வேண்டும் என்று பெரியார் அவர்கள் வெகுகாலம் சொல்லி வந்தார். அதை ஒரு கருவியாகவே வேண்டும் என்றார், கும்பிடுவதற்கு அல்ல. தமிழுக்கே தெய்வத்தன்மை கற்பிக்காதே என்று சொன்னவர், இங்கிலீஷுக்கா கற்பூரம் கொளுத்தச் சொல்லுவார்?

நிற்க. "நீ கடவுள், மதம், சாஸ்திரம் என்று பேசுகிறவனாயிற்றே, செல்போன் திருட்டைப் பற்றிப் பேச உனக்கு என்ன வந்தது?" என்று வருகிற வழியில் ஒரு தோழர் கேட்டார். இரண்டும் ஒரே சங்கதிதான் என்று சொன்னேன். எப்படி என்று விளக்குகிறேன்.

புரோகிதன் கலியாணத்தில் மந்திரம் சொல்லுகிறான். அதன் அர்த்தம் பெண்ணுக்கும் தெரியாது, மாப்பிள்ளைக்கும் தெரியாது, பந்தலில் இருக்கிற ஐந்நூறு பேரில் ஒருவருக்கும் தெரியாது. பல சமயம் சொல்லுகிறவனுக்கே தெரியாது. ஆனாலும் எல்லோரும் வாய் பொத்திக் கேட்கிறோம். ஏன்? புரியாததனால்தான் கேட்கிறோம். புரிந்திருந்தால் பாதிப்பேர் சண்டைக்குப் போயிருப்பார்கள். புரியாத பாஷையில் ஒருவன் உரத்துப் பேசினால் அவனிடம் ஏதோ சக்தி இருக்கிறது என்று நினைக்கும்படி நம்மைத் தலைமுறை தலைமுறையாகப் பழக்கி வைத்திருக்கிறார்கள். அந்தப் பழக்கத்தைத்தான் இன்று ஏமாற்றுக்காரன் கூலியில்லாமல் பயன்படுத்திக் கொள்ளுகிறான். அவன் பேசும் மந்திரம் சமஸ்கிருதத்திலிருந்து இங்கிலீஷுக்கு மாறிவிட்டது, அவ்வளவுதான். தர்ப்பைப் புல்லுக்குப் பதில் ரப்பர் முத்திரை. தட்சணைக்குப் பதில் யு.பி.ஐ.

இது இன்று நேற்று வந்ததல்ல. நூற்றைம்பது வருஷத்துக்கு முன்பு, நம்முடைய தென்னாற்காடு, வடஆற்காடு ஜில்லாக்களிலிருந்து ஆயிரக்கணக்கான ஜனங்களைக் கரும்புத் தோட்டத்துக்கென்று கப்பலேற்றினார்கள். 1860இல் சென்னையிலிருந்து புறப்பட்ட "ட்ரூரோ" என்ற கப்பல் அவ்வருஷம் நவம்பர் 16ஆம் தேதி தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தில் முதல் கூட்டத்தை இறக்கிற்று. அவர்கள் போட்ட ஒப்பந்தத்துக்கு இங்கிலீஷில் "அக்ரிமெண்ட்" என்று பெயர். அந்தச் சொல் நம்மவர் வாயில் "கிர்மிட்" என்று தேய்ந்து, கடைசியில் அவர்களுக்கே "கிர்மிட்காரர்" என்ற பெயர் வந்துவிட்டது. எதில் கையெழுத்திடுகிறோம் என்று தெரியாமல் கட்டைவிரலை வைத்தவன், ஐந்து வருஷத்துக்குத் தன்னையே அடகு வைத்தான். 1917இல்தான் அந்த ஆள்பிடிப்பு நின்றது. அன்று கட்டைவிரலை மையில் தோய்த்தான்; இன்று அதே கட்டைவிரலைச் செல்போன் கண்ணாடிமேல் வைக்கிறான். அன்றாவது கப்பலேறக் கொஞ்ச நாளாயிற்று. இன்று விரலை எடுப்பதற்குள் பாங்கிப் பணம் போய்விடுகிறது.

இப்பொழுது உங்களுக்கு இரிடியம் கதையைச் சொல்லியே ஆகவேண்டும். ஏனெனில் அதில் பழைய மூடநம்பிக்கையும் புதிய இங்கிலீஷும் கைகோத்துக் கொண்டு நிற்கின்றன. கோபுரக் கலசத்தில் இடி விழுந்தால் அந்தச் செம்பு இரிடியமாக மாறிவிடுமாம்! அதன் பக்கத்தில் அரிசியைக் கொண்டுபோனால் இழுத்துக் கொள்ளுமாம்! வெளிநாட்டான் கோடி கோடியாய்க் கொடுத்து வாங்குவானாம்! இந்தப் புளுகு நம் நாட்டில் பல வருஷங்களாக நடமாடுகிறது. அதற்குமேல் ஒரு மாடி கட்டினார்கள். "இரிடியம் விற்ற பணம் வெளிநாட்டிலிருந்து ரிசர்வ் பாங்குக்கு வந்துவிட்டது, அதை வெளியே எடுக்க வரியும் கமிஷனும் கட்டவேண்டும், இன்று நீங்கள் கொடுப்பது பல மடங்காகத் திரும்பும்" என்று சொல்லி, ரிசர்வ் பாங்கின் பெயரும் முத்திரையும் போட்ட இங்கிலீஷ் காகிதங்களைக் காட்டிப் பணம் பறித்தார்கள். 2025 செப்டம்பரில் நம் மாநில ஸி.பி.ஸி.ஐ.டி. போலீசார் இதற்காகப் பல பேரைக் கைது செய்தார்கள்.

உண்மை என்ன? இரிடியம் என்பது ஒரு உலோகம். 1803இல் டென்னண்ட் என்ற இங்கிலீஷ்காரர், பிளாட்டினத்தைக் கரைத்தபின் மிஞ்சிய கறுப்பு வண்டலிலிருந்து அதைக் கண்டுபிடித்தார். தண்ணீரைப்போல் இருபத்திரண்டு மடங்குக்கு மேல் கனம். செம்பு வேறு தனிமம், இரிடியம் வேறு தனிமம். ஆயிரம் இடி விழுந்தாலும் ஒன்று மற்றொன்றாகாது. அது காந்தமும் அல்ல. உலகத்துக்கெல்லாம் கிலோ எவ்வளவு என்று காட்ட, பாரிஸ் பக்கத்தில் ஒரு படிக்கல் வைத்திருந்தார்களே, 1889 முதல் 2019 வரையில் அதுதான் கிலோவுக்கு அளவு. அந்தப் படிக்கல்லில் பத்தில் ஒரு பங்கு இரிடியம், மற்றது பிளாட்டினம். நூற்று முப்பது வருஷத்தில் அது ஒரு அரிசியையாவது இழுத்ததா? நமது ஆட்களின் செம்பு மட்டும் இழுக்கிறது என்றால், அரிசியில் இரும்புத்தூள் ஒட்டியிருக்கிறது, செம்புக்குள் காந்தம் உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

கவனியுங்கள்: கலசம் என்றால் பக்தி, ரிசர்வ் பாங்கு என்றால் பயம், இரண்டும் சேர்ந்தால் கேள்வி கேட்கிற புத்தி செத்துப்போகிறது. அந்தக் காகிதத்தைக் கையில் வாங்கியவன் அதில் முதல் வரியைக் கூட்டிப் படித்திருந்தால் போதும். ரிசர்வ் பாங்கு தனி மனிதர்களுக்குக் கணக்கு வைத்துக் கொள்ளுவதில்லை. யாருக்கும் பரிசும் புதையலும் கொடுப்பதுமில்லை. அது பாங்கிகளுக்குப் பாங்கி.

"இதெல்லாம் படிக்காதவன் ஏமாறுகிற கதை" என்று யாராவது படித்த தோழர்கள் இங்கே புன்சிரிப்புச் சிரித்தால், அவர்களுக்கும் ஒரு கதை இருக்கிறது. "டிஜிட்டல் அரெஸ்ட்" என்று ஒன்று கிளப்பினார்கள். போலீஸ் உடுப்பில் ஒருவன் வீடியோவில் வருகிறான். "உன் பெயரில் வந்த பார்சலில் கஞ்சா இருக்கிறது, உன்னைக் கைது செய்திருக்கிறேன், செல்போனை விட்டு எழுந்திருக்காதே, யாரிடமும் சொல்லாதே" என்கிறான். ஹரியானாவில் அம்பாலாவில் ஒரு முதிய தம்பதிக்குச் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவையே போலியாகத் தயாரித்துக் காட்டி, ஒரு கோடி ரூபாய்க்கு மேல் பிடுங்கினார்கள். அதன் பேரில் 2025 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட்டு தானாகவே வழக்கெடுத்து, டிசம்பரில் இப்படிப்பட்ட மோசடிகளை விசாரிக்கும்படி ஸி.பி.ஐ.க்கு உத்தரவு போட்டது. இத்தகைய மோசடிகளில் மாட்டிப் பணமிழந்தவர்களில் நன்றாக இங்கிலீஷ் தெரிந்தவர்களும், பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர்களும் உண்டு. ஆகவே பாஷை தெரிந்தால் மட்டும் போதாது. செல்போன் வழியாகக் கைது செய்ய நமது நாட்டில் எந்தச் சட்டமும் இல்லை. கைது செய்தால் இருபத்துநாலு மணி நேரத்தில் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தவேண்டும். ஆஜராகச் சொல்லும் போலீஸ் நோட்டீசை வாட்ஸ்அப்பில் அனுப்புவது செல்லாது என்று 2025 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கிறது.

சைபர் மோசடிகளில் ஜனங்கள் இழந்த பணத்துக்குப் பாராளுமன்றத்தில் சர்க்கார் கொடுத்த கணக்கு: 2023இல் ரூ.7,465 கோடி, 2024இல் ரூ.22,845 கோடி. புகார் கொடுத்தவர்கள் கணக்கு மட்டும் இது.

இனி, உங்கள் பாடத்துக்கு வருகிறேன். உங்கள் புத்தகத்தைச் சற்று முன்பு புரட்டிப் பார்த்தேன். முதல் பாடம் "குட் மார்னிங் சார்." இரண்டாவது பாடம் "யெஸ் சார்." பிறகு "தாங்க்யூ", "ப்ளீஸ்", "சாரி." எழுதினவர் நல்ல எண்ணத்தோடுதான் எழுதியிருப்பார். ஆனால் தோழர்களே, ஆண்டை முன் துண்டை இடுப்பில் கட்டி நின்ற ஜனங்களுக்கு "யெஸ் சார்" என்பதை யாரும் புதிதாகக் கற்றுக் கொடுக்க வேண்டியதில்லை. நமக்கு முதலில் வேண்டிய இங்கிலீஷ் வார்த்தை "நோ" என்பதுதான். இரண்டாவது "ஹூ ஆர் யூ?" - நீ யார்? மூன்றாவது "ஒய்?" - எதற்கு? இந்த மூன்றையும் கூசாமல் உரக்கச் சொல்லப் பழகிவிட்டால், மீதி இலக்கணம் மெதுவாக வரட்டும். இங்கிலீஷில் பேசுகிறவன் மேலதிகாரியாகத்தான் இருப்பான் என்ற நடுக்கம் இருக்கிறதே, அதுதான் அவனுக்கு மூலதனம்.

அப்படி நன்றாக இங்கிலீஷ் பேசுகிறவர்களின் லட்சணத்தைக் கேளுங்கள். 2016 அக்டோபரில் மும்பைக்குப் பக்கத்தில் மீரா ரோடு என்ற இடத்தில் போலீசார் சில கட்டடங்களைச் சோதனை போட்டார்கள். உள்ளே நூற்றுக்கணக்கான நம் நாட்டு வாலிபர்கள் அமெரிக்க உச்சரிப்பில், அமெரிக்க வரி அதிகாரிகள் என்று சொல்லிக்கொண்டு, அமெரிக்காவில் இருப்பவர்களைப் போனில் மிரட்டிக் கொண்டிருந்தார்கள். ஏமாந்தவர்களில் அந்நாட்டில் புதிதாகக் குடியேறியவர்களும் இருந்தார்கள். அந்த ஊர்ச் சட்டம் தெரியாது, பாஷை அரைகுறை, சர்க்கார் என்றால் பயம். உங்கள் நிலைமைதான்! இந்தியாவிலிருந்து நடத்தப்பட்ட இப்படிப்பட்ட ஒரு மோசடிக்காக 2018இல் அமெரிக்கக் கோர்ட்டு இருபதுக்கு மேற்பட்டவர்களைத் தண்டித்தது. சிலருக்கு இருபது வருஷம் வரை ஜெயில். ஆகவே உச்சரிப்பைக் கண்டு மயங்காதீர்கள்.

உங்கள் பலகையில் "கிரெடிட்", "டெபிட்" என்ற இரண்டு சொற்களை எழுதியிருக்கிறீர்கள். இவை இரண்டும் லட்சம் பெறும். கிரெடிட் என்றால் வரவு. டெபிட் என்றால் பற்று, அதாவது உங்கள் பணம் போயிற்று. ஒருவன் போன் செய்து, "தவறிப்போய் உங்கள் கணக்கில் ஐயாயிரம் போட்டுவிட்டேன், திருப்பி அனுப்புங்கள் அக்கா" என்று அழுவான். கிரெடிட் என்று ஒரு செய்தியும் வந்திருக்கும். அந்தச் செய்தியை அவனே தன் செல்போனிலிருந்து அனுப்பியிருப்பான். செய்தியைப் படிக்கத் தெரிந்தால் மட்டும் போதாது. கணக்கைத் திறந்து இருப்பு ஏறியிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். "பே" என்றால் கொடு. "ரிஸீவ்" என்றால் பெறு. பின் நம்பர் என்பது உங்கள் பெட்டிச் சாவி. பணம் உள்ளே வருவதற்குச் சாவி வேண்டியதில்லை. வெளியே போவதற்கே வேண்டும். பணம் வருகிறது என்று சொல்லிக்கொண்டே பின் நம்பரைப் போடச் சொன்னால் அவன் திருடன். க்யூ.ஆர். கட்டத்தைக் காட்டினாலும் அதே சங்கதிதான். தனி ஆளிடம் யு.பி.ஐ. வழியாகப் பணம் கேட்டு அனுப்பும் வசதியை வைத்து இந்தத் திருட்டு அதிகம் நடந்ததால், 2025 அக்டோபர் 1 முதல் அந்த வசதியையே நிறுத்தினார்கள். திருடன் நின்றானா? வேறு கதவைத் தேடுகிறான்.

"அலௌ" என்ற ஒரு வார்த்தை செல்போனில் அடிக்கடி வரும். அனுமதி கொடு என்று பொருள். ஐந்து நிமிஷத்தில் கடன் என்று சொல்லுகிற செயலிகளை இறக்கி, தாய்மார்கள் அலௌ, அலௌ என்று நான்கு தடவை அழுத்திவிடுகிறார்கள். அவன் உங்கள் செல்போனில் உள்ள உறவினர் நம்பர்களையும் படங்களையும் வாரிக்கொண்டு போய்விடுகிறான். பிறகு வட்டிக்கு மேல் வட்டி. கொடுக்காவிட்டால் உங்கள் படத்தை ஆபாசமாக்கி உங்கள் தம்பிக்கும் மாமனாருக்கும் அனுப்புவேன் என்கிறான். இதனால் உயிரை விட்டவர்கள் உண்டு. தெருவில் போகிறவன் "பீரோவைத் திறந்து பார்க்கலாமா?" என்று கேட்டால் எந்தத் தாயாவது சரி என்பாரா? அதைத்தான் அந்த ஐந்து எழுத்து கேட்கிறது.

விவசாயிகளுக்கு வேறொரு தூண்டில். பி.எம். கிசான் பணம் வருஷத்துக்கு ஆறாயிரம், இரண்டாயிரமாக மூன்று தவணை. "உங்கள் தவணை நின்றுவிட்டது, இதை இறக்கிப் பதியுங்கள்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு கோப்பு வரும். அதன் பெயர் முடிவில் ஏ, பி, கே என்ற மூன்று எழுத்துகள் இருந்தால் அது கடிதமல்ல. உங்கள் செல்போனுக்குள் குடியேற வருகிற ஒரு வேலைக்காரன். யாருடைய வேலைக்காரன் என்பதுதான் கேள்வி! அது உள்ளே போனபின் உங்களுக்கு வரும் ஓ.டி.பி.யை உங்களுக்கு முன்பே அவன் படித்துவிடுவான்.

விலாசம் படிப்பதைப் பற்றி ஒன்று. தபால்காரர் கடித விலாசத்தில் முதலில் கடைசி வரியைத்தான் பார்ப்பார்: எந்த ஜில்லா, எந்தத் தபால் ஆபீஸ் என்று. இணையதள விலாசமும் அப்படித்தான். முன்னால் உங்கள் பாங்கியின் பெயர் அழகாக இருக்கும். அதைப் பார்த்து ஏமாறாமல், முதல் ஒற்றைச் சாய்கோடு வருவதற்கு முன் கடைசியில் என்ன இருக்கிறது என்று எழுத்துக் கூட்டிப் பாருங்கள். சர்க்கார் என்றால் "கவ் டாட் இன்" என்று முடியும். பாங்கிகள் தங்கள் விலாசத்தை 2025 அக்டோபர் முடிவுக்குள் "பாங்க் டாட் இன்" என்று முடியும்படி மாற்றிக்கொள்ள ரிசர்வ் பாங்கு உத்தரவிட்டது. குறுஞ்செய்தி அனுப்புகிறவரின் பெயருக்குப் பின்னால் ஒரு கோடும் ஓர் எழுத்தும் இருக்கும். ஜி என்றால் சர்க்கார். பி என்றால் விளம்பரம். டி என்றால் பணப் பரிமாற்றம். எஸ் என்றால் சேவை. நீங்கள் போன மாதம் கற்ற எழுத்துகள்தாம் இவை. பரீட்சைக்கு அல்ல, நாளைக் காலையிலேயே உதவும்.

இன்னும் ஒன்று மிச்சம். இந்த வகுப்புக்கு வருகிற வாலிபர்களில் பலர் சிங்கப்பூர், துபாய் என்று மனதில் வைத்துக்கொண்டுதான் வருகிறீர்கள். போகவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இங்கே கூலி கட்டுபடியாகாதபோது போகாதே என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? ஆனால் எப்படிப் போகிறோம் என்று பாருங்கள். 2022இல் "தாய்லாந்தில் டிஜிட்டல் மார்க்கெட்டிங் வேலை" என்ற விளம்பரத்தை நம்பிப் புறப்பட்ட தமிழ்நாட்டு வாலிபர்களை, எல்லை கடத்தி, மியான்மரில் மியாவாடி என்ற இடத்தில் அடைத்து வைத்தார்கள். அங்கே அவர்களுக்குக் கொடுத்த வேலை என்ன தெரியுமா? கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து மற்றவர்களை ஏமாற்றுவது! மறுத்தவர்களுக்கு அடி. அவ்வருஷம் செப்டம்பரில் மத்திய சர்க்கார் எச்சரிக்கை வெளியிட்டது. அக்டோபரில் மீட்கப்பட்ட சிலர் சென்னை வந்து சேர்ந்தார்கள். ஆகவே உங்களுக்குப் போன் செய்கிற திருடனே சில சமயம் நம்மைப்போல் வேலை தேடிப் போய் மாட்டிக்கொண்ட ஏழையாக இருக்கலாம். அவன் முதலாளி வேறெங்கோ சுகமாக இருக்கிறான்.

வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிற ஏஜெண்டு 1983ஆம் வருஷத்துச் சட்டப்படி பதிவு செய்து லைசென்ஸ் வாங்கியிருக்க வேண்டும். அவர் உங்களிடம் வாங்கக்கூடிய கட்டணத்துக்கு உச்சவரம்பு முப்பதாயிரம் ரூபாயும் அதன்மேல் ஜி.எஸ்.டி.யும் என்று விதி வைத்திருக்கிறார்கள். இரண்டு லட்சம் கேட்கிறவனிடம் "ரசீது கொடு" என்று கேளுங்கள். விசாவில் "விஸிட்", "டூரிஸ்ட்" என்ற சொல் இருந்தால் அது சுற்றிப் பார்க்க. வேலை செய்ய அல்ல. "எம்ப்ளாய்மெண்ட்" அல்லது "வொர்க்" என்ற சொல் இருக்கிறதா என்று நீங்களே விரல் வைத்துத் தேடுங்கள். புரியவில்லையானால் சென்னையில் குடிபெயர்வோர் பாதுகாப்பு அதிகாரி ஆபீஸ் இருக்கிறது. நம்முடைய பாட்டன் கிர்மிட்டில் விரல் வைத்தபோது அவனுக்குக் கேட்க இடமில்லை. நமக்கு இருக்கிறது.

ஏமாந்தவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. புதையல் எடுக்கப் பூசை போட்டுப் பணம் இழந்தவன் போலீசுக்குப் போகமாட்டான். ஊர் சிரிக்கும் என்று வாயை மூடிக்கொள்ளுவான். மந்திரவாதி அதை நம்பியே அடுத்த ஊருக்குப் போகிறான். செல்போன் திருடனும் அதே வெட்கத்தைத்தான் நம்பியிருக்கிறான். அம்மா பணம் இழந்தது மகனுக்குத் தெரியாது, மகன் இழந்தது அப்பாவுக்குத் தெரியாது. வெட்கப்பட வேண்டியவன் திருடியவன், நீங்களா? வீட்டில் ஒருவர் இப்படிப் பணம் இழந்துவிட்டு வந்து சொன்னால், "உனக்கு அறிவு எங்கே போயிற்று?" என்று கேட்காதீர்கள். முதலில் 1930 என்ற நம்பருக்குப் போன் போடுங்கள். பிறகு பாங்கிக்குச் சொல்லுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்லுகிறீர்களோ, அவ்வளவுக்குப் பணம் கை மாறிப் போகும் முன் நிறுத்தி வைக்க இடமுண்டு. இன்று இரவு அழுதுவிட்டு நாளை பார்ப்போம் என்றால் பணம் பத்துக் கணக்கு தாண்டியிருக்கும்.

நான் சொன்னதையும் அப்படியே நம்பிக்கொண்டு போகவேண்டாம். இங்கிலீஷ் தெரிந்த ஆசிரியர் இருக்கிறார். பாங்கி மானேஜர் இருக்கிறார். கேட்டுச் சரிபார்த்துக் கொள்ளுங்கள்.

நேரமாயிற்று, ஆற்றுக்கு அக்கரை போகவேண்டிய தாய்மார்கள் இருக்கிறீர்கள். ஆசிரியர் தோழரை ஒன்று கேட்டுக்கொண்டு என் பேச்சை நிறுத்திக்கொள்ளுகிறேன். "யெஸ் சார்" பாடத்தை இன்றைக்கு மூடிவைத்துவிட்டு, வகுப்பை இரண்டு பங்காகப் பிரியுங்கள். ஒரு பங்கு பாங்கி ஆபீசர் போலவும் போலீஸ் போலவும் போன் செய்து மிரட்டட்டும். மறு பங்கு ஒவ்வொருவராய் எழுந்து, "நோ. ஐ வில் நாட் டெல் யூ. ஐ வில் கோ டு த பாங்க் மைசெல்ஃப்" என்று சொல்லட்டும். சத்தமாகச் சொல்லட்டும். முதல் ஆளாக, பின் வரிசையில் உட்கார்ந்திருக்கிற அந்த அம்மாள் எழுந்திருக்கட்டும்.